"ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குது"



நமது குழு ஒன்றின் தீர்மானப் புத்தகத்தில் ஒரே உறுப்பினருக்கு நான்கு மாதம் தொடர்ந்து அபராதம் எழுதியிருக்கிறது. காலை 7 மணிக் கூட்டத்துக்கு வருவதில்லை, வந்தாலும் தாமதம். காரணம் கேட்டால், "ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குதுக்கா" என்பார். காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. "சோம்பேறிக்கு ஒடம்பு எப்பவும் ஒரு மாதிரிதான்" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் அந்தத் தீர்மானத்துக்குத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தோம்.

2021-ல் கொரோனா தடுப்பூசி போட்ட மறுநாளை நினைத்துப் பாருங்கள். பலருக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல இருந்தது. சோறு பிடிக்கவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ஊசியில் நோய் இல்லை. பிறகு ஏன் அப்படி?

முள் குத்தின இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கிறது அல்லவா? அதற்கு அழற்சி என்று பெயர். கிருமியோடு சண்டை போடவும், காயத்தை ஆற்றவும் உடம்பு செய்கிற வேலை அது. அப்போது சில பொருட்கள் ரத்தத்தில் கலந்து மூளைக்குச் சேதி சொல்கின்றன. மூளை உடனே, "வேலையை நிறுத்து, படு" என்று உத்தரவு போடுகிறது. அசதி, பசியின்மை, மனச்சோர்வு எல்லாம் அந்த உத்தரவால் வருபவை.

நாம் வளர்க்கும் ஆடு மாடும் இப்படித்தான். நோவு வந்த ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி, தழை தின்னாமல் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். நோயை எதிர்க்க உடம்பு செய்யும் ஏற்பாடு இது என்று 1988-லேயே பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவர் எழுதினார். ஆட்டைப் பார்த்து நாம் யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை!

ஊசியால் வந்த அழற்சி இரண்டு நாளில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்காமல் மாதக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்வீடன் நாட்டில் சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களிடம், "உங்கள் உடல்நலம் எப்படி?" என்று கேட்டு, ரத்தத்தையும் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. நலமில்லை என்று சொன்ன பெண்களின் ரத்தத்தில் அழற்சிச் சேதி சொல்லும் பொருட்கள் கூடுதலாக இருந்தன. ஆக, "ஒரு மாதிரியா இருக்குது" என்ற பேச்சை நாம் காதில் வாங்க வேண்டும்.

நம் உறுப்பினரிடம் பிறகு உட்கார்ந்து பேசினோம். காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்காதாம். பால் கறக்க முடியாது. விறைப்பு விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். நம் கூட்டமோ 7 மணிக்கு! அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்து முடக்கு வாதம் என்றார்கள். இது வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல, இளம் வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. சீக்கிரம் வைத்தியம் தொடங்கினால் மூட்டு கோணிப்போகாமல் தடுக்கலாம். அவரோ ஒரு வருடமாகக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். அது வலியைத்தான் அமுக்கும், மூட்டு அரிப்பதை நிறுத்தாது. இஷ்டத்துக்குத் தின்றால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும்.

எல்லா அசதியும் அழற்சி என்று நினைத்துவிட வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனக்கவலை எதுவும் காரணமாக இருக்கலாம். சில வாரமாக அசதி விடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை மாதமாக, எந்த நேரத்தில், எந்த வேலை செய்ய முடியவில்லை என்று விவரமாகச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அழற்சி இருந்தால் உடம்பு இரும்புச்சத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். பல் ஈறில் ரத்தம் கசிவதும் அழற்சிதான், அதைச் சாதாரணமாக விடக்கூடாது.

அந்தக் குழு அபராதத்தை ரத்து செய்து, கட்டின பணத்தை அவர் சேமிப்பில் வரவு வைத்துவிட்டது. கூட்டம் இப்போது மாலை 4 மணிக்கு நடக்கிறது. போன மாதம் நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே அவர் வந்து பாய் விரித்துக்கொண்டிருந்தார்.