இரையாத சிறு கணிப்பொறி

மாணவர்களே, 17 செ.மீ. சதுரமான 'மினி ஐடிஎக்ஸ்' தாய்ப்பலகையைக் கொண்டு சிறு கணிப்பொறி ஒன்றை நீங்களே பொருத்தலாம். அது இரையுமா, இரையாதா என்பதை முடிவு செய்வது வெப்பம்.

செயலி 80 டிகிரி செல்சியஸைத் தாண்டலாகாது எனக் கொள்வோம். குளிர்நாட்டு அறை 20 டிகிரி என்றால் வேறுபாடு 60. கோபிசெட்டிபாளையத்தில் சித்திரை நண்பகலில் அறை 35 டிகிரி என்றால் வேறுபாடு 45தான். வெளியேறும் வெப்பம் இவ்வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே, அங்கே 65 வாட்டை வெளியேற்றிய அதே அலுமினியத் தகடுகள், அதே விசிறி வேகத்தில், இங்கே சுமார் 49 வாட்டையே வெளியேற்றும். மீதிக்காக விசிறி விரைந்து சுழன்று இரையும்.

வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஓசையோ சுமார் 15 டெசிபல் குறையும்! எனவே 35 வாட் செயலியையும், மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளும் 12 செ.மீ. விசிறியையும் தேர்ந்தெடுங்கள். பெட்டி சற்றுப் பெரிதாகும்தான், பரவாயில்லை.