தக்காளி: எல்லாரும் ஒரே நாளில் நட வேண்டாம்!



2023 ஜூலை மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. வேறு சில மாதங்களில் அதே தக்காளி பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் செடியிலேயே அழுகுகிறது. விலை ஏறினா வாங்குறவங்களுக்குக் கஷ்டம், இறங்கினா விளைய வச்சவங்களுக்குக் கஷ்டம். இரண்டு பக்கமும் நிற்பது நாம்தான். குழுவில் கடன் வாங்கி நட்ட சகோதரிக்கோ, விலை இல்லாவிட்டாலும் தவணை நிற்காது.

ஏன் இப்படி ஆகிறது?

இன்று விலை நன்றாக இருக்கிறது என்று பார்த்து ஊரே நாற்று விடுகிறது. விதை போட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதற்குள் எல்லார் காட்டிலும் ஒன்றாகப் பழுக்கிறது. நெல்லைப் போல மூட்டை கட்டி வைக்க முடியாத பண்டம் இது. அதனால் மண்டியில் கேட்ட விலைக்குக் கொடுக்கிறோம்.

பிரித்து நடுவோம்

ஒரு குழுவில் 12 பேர் தக்காளி வைப்பதாகக் கொள்வோம். நான்கு நான்கு பேராக மூன்று அணி பிரித்து, 20 நாள் இடைவெளியில் நாற்று விடலாம். எல்லார் காயும் ஒரே வாரத்தில் மண்டிக்குப் போகாது. பறிப்பு வேலையிலும் ஒருவருக்கொருவர் கை கொடுக்கலாம். ஒரு அணிக்கு விலை விழுந்தாலும் மற்ற அணிகளுக்கு நல்ல விலை கிடைக்க வாய்ப்பு உண்டு.

இதில் ஒரு எச்சரிக்கை. முடிந்துபோன பழைய செடிக்குப் பக்கத்திலேயே புது நாற்றை நட்டால், வெள்ளை ஈ அங்கிருந்து இங்கே வரும். இலைச்சுருட்டு நோயைப் பரப்புவது இந்த ஈதான். எனவே புதுச் செடியைத் தள்ளி நட வேண்டும். காய்ப்பு முடிந்த செடியை உடனே பிடுங்கி அழிக்க வேண்டும்.

செடியைக் காப்போம்

* பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் நம் பக்கத்துக்கு ஏற்றது. தூரத்து மண்டிக்கும் தாங்கும். இதில் நல்ல செடியின் பழத்திலிருந்து நாமே விதை எடுக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் அதே குணம் வராது.
* நாற்றங்காலை நைலான் வலையால் மூடி வைத்தால் வெள்ளை ஈ அண்டாது. 25 நாள் நாற்றை நடலாம்.
* கத்தரி, மிளகாய் வைத்த நிலத்தில் அடுத்ததாகத் தக்காளி வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே.
* 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி நடுங்கள். காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி அந்தப் பூவில் முட்டையிடும். செண்டுமல்லி நாற்று 40 நாள் வயதுடையதாக இருந்தால், இரண்டும் ஒன்றாகப் பூக்கும்.
* காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் கட்டினால் பழம் வெடிக்கும், அடிப்பக்கம் கறுக்கும். அளவாக, முறையாகத் தண்ணீர் விடுவோம்.
* தூர ஊருக்கு அனுப்பும் காயை நிறம் திரும்பும்போதே பறிக்க வேண்டும். உள்ளூர்ச் சந்தைக்குப் பழமாகப் பறிக்கலாம்.

விலை விழுந்தால்?

பழம் வீணாகாமல் வற்றல் போடலாம். சதைப்பற்றுள்ள பழத்தை வட்டமாக அரிந்து, உப்புத் தூவி, வெள்ளைத் துணி மூடி, ஒடித்தால் ஒடியும் வரை வெயிலில் காய வையுங்கள். 10 கிலோ பழத்துக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வற்றல் கிடைக்கும். பழம் கிலோ 5 ரூபாய் என்றாலும், ஒரு கிலோ வற்றலில் பழத்தின் விலை மட்டுமே 100 ரூபாய்க்கு அருகே வந்துவிடும். எனவே பழம் மலிந்திருக்கும்போது மட்டுமே இது கட்டும்.

தொக்கு செய்வதானால் எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள். அலுமினியம் கூடாது, புளிப்பு அதை அரிக்கும். எண்ணெய் பிரிந்து வரும் வரை கிண்டி, ஈரமில்லாத பாட்டிலில் அடையுங்கள். வெளியே விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டே விற்க வேண்டும்.

நம் வீட்டுக்கு முதலில்

நம்மில் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது. கீரையில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க, வைட்டமின் சி துணை செய்யும். அது தக்காளியில் இருக்கிறது. கீரை கடையும்போது இரண்டு தக்காளி சேருங்கள். அதிகம் கொதிக்க விட வேண்டாம். நிலம் இல்லாத சகோதரிகள் பழைய சாக்கில் மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி நாலு செடி வைக்கலாம். அரிசி கழுவிய தண்ணீரே பாதி நாளைக்குப் போதும். விலை ஏறும் நாளில் அந்த நாலு செடியின் அருமை தெரியும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் இந்தப் பருவம் தக்காளி வைப்பவர்கள் எத்தனை பேர்?
2. யார் முதலில், யார் பிறகு நாற்று விடுவது?
3. பயிர்க்கடன் தவணையைப் பறிப்பு வரும் மாதத்துக்கு வைக்கலாமா?

மூன்றுக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மண்டி விலை நம் கையில் இல்லை. நடும் நாள் நம் கையில் இருக்கிறது.