ஓட்டையில் நுழைந்தால் போதுமா?

அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியில் அறைகளுக்குத் தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவுகள் உண்டு. அந்தோனின் ரேமண்ட் வரைந்த அந்தக் கட்டடத்தை எழுப்ப 1937-இல் புதுச்சேரிக்கு வந்து தங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாகாஷிமா. ஆசிரமத்தில் சுந்தரானந்தா என்ற பெயர் பெற்றார். பிற்பாடு அமெரிக்காவில் உலகம் அறிந்த மரத் தச்சரானார். அவர் காலத்துத் தச்சுவேலையில் பெரும்பங்கு இழைப்புளிக்கும் உளிக்கும்தான். இழைப்புளி சுருள் சுருளாகச் சீவும். சுருள் காலடியில் விழும், மூக்குக்கு ஏறாது. அதே தேக்கின் மேல் இன்று நாம் ஆர்பிட்டல் சாண்டரை ஓட்டுகிறோம். நிமிடத்துக்கு 10,000 முறைக்கு மேலும் அதிரக்கூடிய உப்புத்தாள் மரத்தை மாவாக்கிக் காற்றில் விடுகிறது.

மொட்டை மாடிக் கொட்டகையிலும் கார் நிறுத்தும் இடத்திலும் பட்டறை போட்டவர்கள் சாண்டரையும் ரம்பத்தையும் பத்துப் பேரிடம் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். தூசி இழுக்கும் ஹோஸ் என்று வந்தால் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததோடு சரி. அந்த ஹோஸைப் பற்றிப் புழங்கும் நம்பிக்கைகளில் சில முழுத் தவறு, சில பாதி சரி.

“கடற்காற்று அடிக்கிற ஊர் சார், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்”

கோடை மதியத்தில் கடற்காற்று வருவது உண்மை. ஆனால் சாண்டருக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே இரண்டு அடி இருந்தாலே அதிகம். ஜன்னலை அடையும் முன் தூசி மூக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். கிழக்கு ஜன்னலில் நுழையும் காற்று, மேற்கே சமையலறை இருந்தால் அங்கேயும் கொஞ்சம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கண்ணுக்குத் தெரியும் துகள் ஏறத்தாழ 40, 50 மைக்ரான் அளவுள்ளது. அது சீக்கிரம் கீழே விழுந்துவிடும், பெருக்கி எடுத்துவிடலாம். 10 மைக்ரான் துகள் அசைவற்ற காற்றில் நொடிக்கு 3 மி.மீ. அளவில்தான் இறங்கும், மூக்கு உயரத்திலிருந்து தரையைத் தொட எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துகளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூடப் போதாமல் போகலாம். அதுவும் காற்று அசையாமல் நின்றால்! மேலே சீலிங் ஃபேன் சுற்றினால் இறங்குவது ஏறுவது எல்லாம் அதன் இஷ்டம். நுரையீரலின் ஆழத்துக்குப் போவது இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்பவர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும்: துண்டு தடுப்பது கண்ணுக்குத் தெரிவதை. என்95 முகக்கவசம் நுண்தூசியையும் தடுக்கும், ஆனால் வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுகிறோம். தூசி அறையிலேயே மிதக்கிறது. பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் வழி. ஹோஸ் அதற்குத்தான்.

“மரத்தூள்தானே, கெமிக்கலா என்ன?”

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதி நாற்காலித் தொழிலாளர்களிடம் மூக்குக்குழியில் வரும் அரிய வகைப் புற்று வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதை 1960-களில் மருத்துவர்கள் கவனித்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் தினமும் தூசியில் நின்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் செய்பவரை அதே தராசில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் தேக்குத் தூசியும் ஈட்டி மரத் தூசியும் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். அதற்கு ஆண்டுகள் தேவையில்லை.

“டூலின் வாயில் பொருந்துகிற ஹோஸ் எதுவானாலும் சரி”
“முடிந்தவரை பெரிய ஹோஸ் வாங்கு, நன்றாக இழுக்கும்”

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே விஷயத்தை மறந்துவிடுகின்றன. தூசியைச் சுமந்து போவது காற்று. குழாய்க்குள் காற்று குறைந்தபட்சம் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் மரத்தூள் வழியில் படியாமல் போய்ச் சேரும். இது நான் சொல்லும் கணக்கல்ல. ஐரோப்பியத் தர விதிப்படி வரும் ‘எம்’ வகுப்பு வாக்குவங்கள், ஹோஸுக்குள் வேகம் 20 மீட்டருக்குக் கீழே போனால் ஒலி எழுப்பும். மாட்டியிருப்பது எத்தனை மி.மீ. ஹோஸ் என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லவே அதில் ஒரு திருகு இருக்கும். அந்தத் திருகு எதற்கென்று புரிந்துவிட்டால் ஹோஸ் விஷயம் பாதி புரிந்த மாதிரி.

வீட்டுக்கு வாங்கும் ஈர-உலர் வாக்குவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் நிமிடத்துக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருக்கும். அது எதையும் மாட்டாமல் அளந்த கணக்கு. ஹோஸ், சாண்டர், பாதி நிறைந்த பை எல்லாம் சேர்ந்த பின் 1,500 லிட்டர் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். அந்த 1,500 லிட்டர் 36 மி.மீ. ஹோஸில் நொடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் ஓடும். 50 மி.மீ. ஹோஸில் 13 மீட்டர். நாலு இஞ்ச் ஹோஸில் 3 மீட்டர்தான். ஹோஸ் பெரிதானால் தடை குறைந்து காற்று கொஞ்சம் கூடும், ஆனால் கைக்கருவியின் வாயே 30 மி.மீ. அளவில் இருக்கும்போது பெரிதாக எங்கே கூடிவிடப் போகிறது? பெரிய வாய்க்காலில் ஓட்டம் மந்தமான இடத்தில் மண் படிவது போல், அகலமான ஹோஸின் வளைவுகளில் தூள் படியும். ஒரு நாள் மொத்தமாக அடைக்கும்.

மறுபக்கம், ஹோஸ் குறுகினால் உராய்வு தாறுமாறாக ஏறுகிறது. அதே அளவு காற்றை 36 மி.மீ. ஹோஸுக்குப் பதில் 27 மி.மீ. ஹோஸில் தள்ளினால் அழுத்த இழப்பு ஏறத்தாழ நாலு மடங்கு. ஆகவே 27 என்பது சாண்டருக்கு, ஜிக்சாவுக்கு: தூள் நைஸாக இருக்கும், ஹோஸும் கையை இழுக்காமல் லேசாக வளையும். மின் இழைப்புளிக்கும் ரூட்டருக்கும் அது ஆகாது; சீவல் குறுக்கே சிக்கிக்கொள்ளும். அவற்றுக்கு 36, அல்லது அதற்குச் சற்று மேல். ஒரே ஒரு ஹோஸ்தான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு 36-க்கு.

நாலு இஞ்ச் ஹோஸ் வேறு இனத்து இயந்திரத்துக்கு உரியது. டேபிள் சாவுக்கும் பெரிய பிளானருக்கும் பின்னால் நிற்கும், துணிப்பை தொங்கும் டஸ்ட் கலெக்டர் அது. அதன் பலம் காற்றின் அளவில், அழுத்தத்தில் இல்லை. வாக்குவத்தின் அழுத்தம் சுமார் 2,000 மி.மீ. நீர்மட்டம் என்றால் இதற்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். நாலு இஞ்ச் குழாயில் 20 மீட்டர் வேகம் வேண்டுமானால் நிமிடத்துக்கு 9,400 லிட்டர் காற்று ஓட வேண்டும். அதை இது தரும். ‘ரெட்யூசர்’ போட்டு இதையே சாண்டருக்கு மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 100-ஐ 32 ஆக்கினால் வழி பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. அந்தச் சந்துக்குள் காற்றை இழுக்கும் அழுத்தம் இதற்குக் கிடையாது.

“2,000 வாட், அதனால் நன்றாக இழுக்கும்”

வாட் என்பது இயந்திரம் எவ்வளவு கரன்ட் குடிக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு தூசி தின்கிறது என்பதல்ல. நீளத்திலும் பெரிய எண் நல்லது என்றில்லை: ஹோஸின் நீளம் இரட்டித்தால் அதன் உராய்வு இழப்பும் இரட்டிக்கும். ஐந்து மீட்டர் வாங்கி மூன்றைச் சுருட்டி மூலையில் போடுவதைவிட வாக்குவத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வது மேல்.

“ஹார்டுவேர் கடையில் கிடைக்காத குழாயா?”

மோட்டாருக்குப் போடும் சக்‌ஷன் ஹோஸ் உறிஞ்சலைத் தாங்கும், நசுங்காது. ஆனால் கனம், சாண்டரில் மாட்டினால் அரை மணியில் மணிக்கட்டு பேசும். சமையலறைச் சிம்னிக்கு வரும் அலுமினிய மடிப்புக்குழாய் இதற்கு நேர் எதிர்: லேசு, மலிவு. ஆனால் கிழியும், அடைப்பு வந்தால் வாக்குவத்தின் இழுப்பில் சப்பையாகும், உள்ளே ஒவ்வொரு மடிப்பும் தூளைப் பிடித்து வைக்கும். கடையில் ஹோஸின் வாயில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வெளியே வரிவரியாக இருந்தாலும் உள்ளே வழுவழுப்பாக இருக்க வேண்டும். உட்புறமும் வரியாக இருந்தால் அதே அளவுள்ள வழுவழுப்பான குழாயைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடை வரலாம். எஃகுக் கம்பிச் சுருள் உள்ள ஹோஸ் உறுதியானதுதான். ஆனால் இந்த ஊர் உப்புக்காற்றில், வெட்டிய முனையில் வெளியே தெரியும் கம்பி துருப்பிடிக்கும். முனையை மூடும் கஃப் போட்டே வாங்குங்கள்.

அளவு எண்ணை நம்பி வாங்குவதில் இன்னொரு சங்கடம். நம் பிவிசி பைப்புக்குச் சொல்லும் மி.மீ. வெளிவிட்டம், ஹோஸுக்குச் சொல்வது பெரும்பாலும் உள்விட்டம், டூலின் வாய்க்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 40 மி.மீ. பைப்பும் 40 மி.மீ. ஹோஸும் ஒன்றுக்குள் ஒன்று போகும், போகாது, ஆடும், எதுவும் நடக்கலாம். வெர்னியர் காலிபரைக் கையோடு கொண்டுபோவது வெட்கமில்லை. சிறு இடைவெளிக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டும் ஒரு கிளாம்பும் போதும். செல்லோ டேப் சுற்றினால் வெயில் காலத்தில் பிசின் வழிந்து கையில் ஒட்டும், காற்றும் கசியும்.

“செம்புக் கம்பி சுற்றாவிட்டால் வெடிக்கும்”

பிளாஸ்டிக் ஹோஸில் தூள் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேரும், கையில் சுருக்கென்று அடிக்கும். மரத்தூசி மேகமாக எழுந்தால் வெடிக்கும் என்பதும் உண்மையே. அதற்கு ஒரு கன மீட்டர் காற்றில் பத்துக்கணக்கான கிராம் தூசி மிதக்க வேண்டும். ஆலைகளில் அது நடந்திருக்கிறது. வீட்டு ஹோஸுக்குள் அந்த அளவு வருவது அபூர்வம். மேலும் பிளாஸ்டிக் மின்கடத்தாது. வெளியே செம்புக் கம்பியைச் சுற்றினால் கம்பிக்கு எர்த் கிடைக்குமே தவிர ஹோஸின் உட்சுவருக்கு அல்ல. சுருக்கு வேண்டாம் என்றால் ஆன்ட்டி-ஸ்டாட்டிக் ஹோஸ் வாங்கலாம். ஆனால் அந்த மின்சாரம் இறங்கிப் போக வாக்குவத்தில் எர்த் இணைப்பு இருக்க வேண்டும். இரண்டு முள் பிளக் வைத்த வாக்குவத்தில் எர்த்தே கிடையாது. அதில் அந்த ஹோஸுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு பெரும்பாலும் வீண். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி காற்று ஈரமாகவே இருப்பதால் வறண்ட குளிர்நாட்டுக்காரர்கள் படும் தொல்லை நமக்கு அவ்வளவாக இல்லை.

“வாக்குவம் மாட்டியாச்சு, இனி எதையும் தேய்க்கலாம்”

இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் பழைய கதவுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுக் காலத்து வீடு இடிபடும்போது வாங்கி வந்த ஜன்னல், தாத்தா வீட்டுத் தேக்குக் கதவு. மேலே தலைமுறை தலைமுறையாகப் பூசிய பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையானது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதை உலர வைத்துச் சாண்டரில் தேய்த்தால் ஈயத்தூசி எழும். சாதாரணத் துணிப்பை வடிகட்டி கரடுமுரடானதைப் பிடித்துக்கொண்டு நைஸானதைப் பின்பக்கம் ஊதித் தள்ளும். எவ்வளவு நல்ல ஹோஸ் போட்டாலும் அது மாறாது; பார்க்கப்போனால் நல்ல ஹோஸ் அந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்து தரும். வீட்டில் குழந்தை இருந்தால் சாண்டரைத் தொடவே வேண்டாம். நனைத்து, சுரண்டி, ஈரத்தோடு அள்ளிப் போடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளை போடும்போதும் “வாக்குவம் பிடித்துக்கொள்ளும்” என்று நினைக்கக் கூடாது. அந்த நாருக்கு வீட்டு வாக்குவம் தடுப்பே அல்ல.

20 லிட்டர் பெயிண்ட் வாளியின் மேல் சைக்ளோன் மூடி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீவலும் கனமான தூளும் வாளியில் விழும், வடிகட்டி சீக்கிரம் அடையாது, நல்ல ஏற்பாடு. நுண்தூசி அதையும் தாண்டி வடிகட்டிக்குத்தான் போகும். ஹோஸ் அடைத்துக்கொண்டால் மெல்லிய வாளி ‘டப்’பென்று உள்ளே ஒட்டிக்கொள்ளும், கெட்டியான வாளியாகப் பாருங்கள்.

“ஒரே ஸ்விட்ச் போர்டு, ஒரே வாக்குவம், எல்லா வேலைக்கும்”

1,400 வாட் ரம்பமும் 1,200 வாட் வாக்குவமும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் 11 ஆம்பியருக்கு மேல். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டையும் சொருகினால் முதலில் சூடாவது பிளக் முனை. 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிள் கிரைண்டரை மட்டும் மரத்தூள் நிறைந்த வாக்குவத்தின் ஹோஸில் மாட்டவே மாட்டாதீர்கள். இரும்புப் பொறி ஹோஸ் வழியாகப் பைக்குள் போய்த் தூளுக்குள் புகைந்துகொண்டிருக்கும். நீங்கள் பட்டறையைப் பூட்டிச் சாப்பிட உட்கார்ந்த பிறகு பற்றும். இரும்பு வேலைக்கு முன் வாக்குவத்தில் தூள் துளியும் இல்லாமல் காலி செய்யுங்கள், அல்லது அன்றைக்கு வாக்குவமே வேண்டாம், துடைப்பத்தை எடுங்கள்.