நாக்கில் வைக்கும் நஞ்சு



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடுவார்கள். "சும்மா ஒரு தடவை நாக்குல வச்சுப் பாருடா" என்று எவனாவது தபால்தலை போன்ற காகிதத்தை நீட்டினால், அது எல்.எஸ்.டி.யாக இருக்கலாம்.

ஒரு மணி நேரத்துக்குள் சுவர் அசையும், இல்லாதது தெரியும், பீதி பிடிக்கும். 12 மணி நேரம் வரை இறங்காது. வாசல் எது, சன்னல் எது என்ற நிதானம் தப்பி விழுவதே பெரிய ஆபத்து. சிலருக்கு மனநோய் கிளம்பிவிடுவதும் உண்டு.

"பேய் பிடிச்சிருச்சு" என்று அடிக்காதீர்கள். தனியே விடாமல், அமைதியாகப் பேசி, 995ஐ அழைக்க வேண்டும். என்ன சாப்பிட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

அங்கே 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, உட்கொண்டால் 10 ஆண்டு வரை சிறை. 20,000 வெள்ளி வரை அபராதம். பிள்ளையோடு பேசும்போது இதையும் சொல்லி வையுங்கள்.