டால்டன் விட்டுச் சென்ற கண்

அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்டனைப் பற்றி வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இங்கிலாந்தில் 1766ஆம் ஆண்டு பிறந்த அவர், பிழைப்புக்காகப் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். மான்செஸ்டர் நகரின் இலக்கிய, தத்துவக் கழகத்தில் 1794ஆம் ஆண்டு அவர் முதன்முதலாக ஒரு கட்டுரை படித்தார். அது அணுவைப் பற்றியதன்று. தம்முடைய கண்ணைப் பற்றியது!

விளக்கொளியில் நிறம் மாறிய பூ

1792ஆம் ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் டால்டன் ஒரு ஜெரேனியப் பூவைப் பார்த்தார். பகலில் அவருக்கு வான்நீலமாகத் தெரிந்த பூ அது. இப்போதோ அதில் நீலம் சிறிதும் இல்லை, சிவப்பாக இருந்தது. வியப்படைந்த அவர் நண்பர்களை அழைத்துக் காட்டினார். அவர்களுக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அவர்கள் கண்ணில் அது பகலிலும் இரவிலும் இளஞ்சிவப்புப் பூதான். டால்டனைப் போலவே பார்த்தவர் ஒருவர் மட்டும் இருந்தார். அவர் டால்டனின் உடன்பிறந்த அண்ணன்.

இதிலிருந்து டால்டனுக்கு ஓர் உண்மை விளங்கியது: "நான் பார்க்கும் உலகமும் மற்றவர்கள் பார்க்கும் உலகமும் ஒன்றல்ல." வேறொருவராக இருந்தால் வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு இதை மறைத்திருக்கக்கூடும். டால்டனோ தம் கண்ணையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். சிவப்பு அரக்கும் பச்சை இலையும் தமக்கு ஒரே நிறமாகத் தெரிகின்றன என்று கழகத்தாரிடம் வெளிப்படையாகச் சொன்னார். தம்மைப் போன்ற வேறு சிலரையும் தேடி விசாரித்தார். அவருக்குத் தெரிய வந்தவர்களுள் பெண் ஒருவர்கூட இல்லை என்பதையும் குறித்து வைத்தார்.

காரணம் என்ன? கண்ணுக்குள் நிறைந்திருக்கும் பாகு போன்ற திரவம் தமக்கு நீல நிறமாக இருக்க வேண்டும் என்று டால்டன் ஊகித்தார். தாம் இறந்த பின் கண்களைத் திறந்து பார்த்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்லி வைத்தார். 1844ஆம் ஆண்டு அவர் இறந்தார். மருத்துவர் ஜோசப் ரேன்சம் அவர் விருப்பப்படியே சோதித்தார். திரவத்தில் நீலம் இல்லை, தெளிவாகவே இருந்தது. டால்டனின் ஊகம் தவறு! ஆனால் அவர் கண்ணின் எஞ்சிய பகுதிகளை அந்தக் கழகத்தார் எறிந்துவிடவில்லை; உலர வைத்துப் பாதுகாத்தார்கள்.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

நம் கண்ணின் பின்புறத்தில் விழித்திரை இருக்கிறது. அதில் நிறத்தை உணர்பவை கூம்புச் செல்கள். ஒரு கண்ணில் சுமார் 60 இலட்சம் கூம்புச் செல்கள் உள்ளன. இவை மூன்று வகைப்படும். ஒரு வகை நீண்ட அலைநீளமுள்ள ஒளியை நன்கு உணரும். இரண்டாம் வகை நடுத்தர அலைநீளத்தையும், மூன்றாம் வகை குறுகிய அலைநீளத்தையும் நன்கு உணரும். இம்மூன்றும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுத்தான் மூளை ஒரு நிறத்தை முடிவு செய்கிறது.

இம்மூன்றில் ஒரு வகை இல்லாவிட்டால், அல்லது அதன் நிறமி சற்று மாறியிருந்தால், ஒப்பிடும் கணக்கும் மாறிவிடும். அப்போது சில நிறங்களைப் பிரித்தறிவது கடினம். பெரும்பாலும் சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகியவை ஒன்றோடொன்று குழம்பும். இதை 'நிறக்குருடு' என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது பொருத்தமான சொல் அன்று. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகவே காண்கிறார்கள். எழுத்தைப் படிப்பதிலும் பந்தைப் பிடிப்பதிலும் இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. நிறமே தெரியாமல் யாவும் சாம்பல் நிறமாகத் தெரிவோர் மிக மிக அரிது.

டால்டன் இறந்து 150 ஆண்டுகளுக்குப் பிறகு, 1995ஆம் ஆண்டில், பாதுகாக்கப்பட்ட அந்தக் கண்ணிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து ஆய்ந்தார்கள். நடுத்தர அலைநீளத்தை உணரும் நிறமிக்கு உரிய மரபணு அதில் இல்லை! அவர் கேட்ட கேள்விக்கு அவர் கண்ணே விடை சொல்லிவிட்டது.

ஏன் பெரும்பாலும் ஆண்களுக்கு?

நீண்ட, நடுத்தர அலைநீளங்களை உணரும் நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. ஒன்றில் மாற்றம் இருந்தாலும் மற்றொன்று ஈடு செய்துவிடும். ஆண்களுக்கு ஓர் எக்ஸ்தான். அதையும் தாயிடமிருந்தே பெறுகிறார்கள். ஆகவே தாய்க்கு எந்தக் குழப்பமும் இல்லாமலேயே மகனுக்கு இது வரலாம். வட ஐரோப்பிய மரபினரில் ஏறத்தாழ 12 ஆண்களுக்கு ஒருவரும், 200 பெண்களுக்கு ஒருவரும் இவ்வாறு உள்ளனர். ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடையே இது பொதுவாகச் சற்றுக் குறைவு. என்றாலும், பெரிய பள்ளி ஒன்றில் இத்தகைய மாணவர் சிலராவது இருப்பார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு நண்பனை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியையே பார்க்கச் சொல்லுங்கள். அவனுக்குத் தெரியாமல் ஒரு வண்ணப் பென்சிலை எடுத்து, அவன் காதுக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னே கொண்டு வாருங்கள். முதலில், "ஏதோ அசைகிறது" என்பான். என்ன நிறம் என்று கேட்டால் தவறாகச் சொல்வான், அல்லது விழிப்பான். பென்சில் இன்னும் முன்னே வந்த பிறகே நிறத்தைச் சரியாகச் சொல்வான். விழித்திரையின் ஓரத்தில் கூம்புச் செல்கள் மிகக் குறைவு என்பதே காரணம். ஆக, நம் ஒவ்வொருவர் பார்வையின் ஓரத்திலும் நிறம் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது!

எது சரியான பார்வை?

மூன்று வகைக் கூம்புகள் இருப்பதுதான் முழுமை என்று எண்ணிவிட வேண்டாம். பறவைகள் பலவற்றுக்கு நான்கு வகை உண்டு. தேனீ புறஊதா ஒளியைக் காணும். பூவிதழில் நம் கண்ணுக்குத் தெரியாத கோலங்கள் அதற்குத் தெரியும். ஆனால் சிவப்பு அதற்குத் தெரியாது. சோதனைகளில் இன்னொன்றும் தெரிய வந்துள்ளது. பல நிறப் புள்ளிகளுக்கு இடையே மறைத்து வைத்த வடிவத்தை, இரு வகைக் கூம்புகள் மட்டுமே உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவது உண்டு. மற்றவர்களை நிறங்கள் ஏமாற்றிவிடுகின்றன.

அதற்காக இதனால் தொல்லையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரயில் ஓட்டுநர் விளக்கின் நிறத்தை நொடியில் அறிய வேண்டும். அத்தகைய வேலைகளுக்கு நிறப் பார்வைச் சோதனை தேவைதான். ஆனால் தேவையில்லாத கதவுகளும் பல காலம் மூடியிருந்தன. அவற்றுள் சில இப்போது திறந்துவருகின்றன. இலேசான, நடுத்தரமான அளவில் இக்குழப்பம் உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்று 2020ஆம் ஆண்டு இந்திய அரசு விதியை மாற்றியது. இவர்களைத் திரைப்படக் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்று 2022ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

வகுப்பறையில் நாம்

இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டிய சிறுவனைப் பார்த்து வகுப்பு சிரிக்கிறது. அவன் கவனக்குறைவானவன் என்று முடிவு கட்டுகிறோம். அவனும், "எனக்கு வரையத் தெரியாது" என்று நம்பிவிடுகிறான். அவன் கண்ணுக்கோ இரண்டும் ஒன்றே! பலர் இதை அறிவது, வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான். முன்பே தெரிந்திருந்தால் அதற்கேற்ற படிப்பைத் தேர்ந்திருப்பார்கள். ஆகவே ஐயம் இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். புள்ளிகளால் ஆன எண்களைப் படிக்கச் சொல்லும் எளிய சோதனை அது. ஊசி இல்லை, வலி இல்லை.

உங்கள் நண்பனுக்கு இவ்வாறு இருந்தால், "இது என்ன நிறம்? அது என்ன நிறம்?" என்று வேடிக்கையாகக் கேட்டு அவனைச் சலிப்படையச் செய்யாதீர்கள். வண்ணப் பென்சில்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள். தேசப்படத்தில் வண்ணத்தோடு கோடுகளையும் புள்ளிகளையும் சேர்த்துக் காட்டுங்கள். பச்சைப் பலகையில் சிவப்புச் சாக்குக்கட்டி வேண்டாம், வெள்ளை போதும். வேதியியல் ஆய்வகத்தில் பீனாப்தலீன் இளஞ்சிவப்பாக மாறும் கட்டத்தை, ஆசிரியர் அனுமதியுடன், பக்கத்தில் நிற்பவர் சொல்லிவிடலாம்.

உங்களுக்கே இவ்வாறு இருந்தால், டால்டனை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எதையும் ஒளிக்கவில்லை, "எனக்கு இப்படித் தெரிகிறது, உங்களுக்கு எப்படி?" என்று கேட்டார். அவருக்கு முன் இந்த வேறுபாட்டைப் பற்றி உலகம் அறிந்திருந்தது மிகக் கொஞ்சம். இன்று பல மொழிகளில் இதற்கு 'டால்டோனிசம்' என்றே பெயர்.