இரண்டு கட்டைகள், இருபத்து நான்கு நாள்கள்

டிசம்பர் மாதம் பிறந்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல வீடுகளின் வரவேற்பறையில் ஒரு சிறிய கிராமம் முளைத்துவிடும். பனி மூடிய கூரைகள், ஒரு பொம்மைக் கடை, அஞ்சலகம், சுற்றிவரும் ரயில், நடுவில் கிறிஸ்துமஸ் மரம். எல்லாமே ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டப்பட்டவை. டென்மார்க் நாட்டின் லெகோ நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இந்தக் குளிர்காலக் கிராம வரிசையைப் பொம்மைக் கடையோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு ரொட்டிக் கடை, 2011இல் அஞ்சலகம், 2016இல் ரயில், 2019இல் இஞ்சி ரொட்டி வீடு என்று கிராமம் வளர்ந்துகொண்டே போகிறது. நம் வீடுகளில் பழைய கொலு பொம்மைகளோடு ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை சேர்ப்போம் அல்லவா, அதே வழக்கம்தான். பண்டிகை முடிந்ததும் பெட்டிக்குள் போவதும் அடுத்த ஆண்டு தூசி தட்டி வெளியே வருவதும்கூட அப்படியே.

இந்தச் சேகரிப்பு நடப்பதற்கு அடிப்படையாக ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. 1932இல் பிலுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அதுதான் லெகோவின் தொடக்கம். பிளாஸ்டிக் கட்டைகள் பின்னர் வந்தன. மேலே குமிழ்களும் உள்ளே குழாய்களும் கொண்ட இன்றைய கட்டை வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. அன்று முதல் குமிழின் அளவும் இடைவெளியும் மாறவில்லை. அதனால்தான் 2009ஆம் ஆண்டுக் கடையை 2019ஆம் ஆண்டு வீட்டோடு ஒட்டி வைக்க முடிகிறது.

நம் வகுப்பறைக்கு இதில் என்ன இருக்கிறது? அந்தத் தொகுப்புகளின் விலை அரசுப் பள்ளிக்கு எட்டாதது. எட்டினாலும் வாங்கச் சொல்ல மாட்டேன். விலை உயர்ந்த பொருள் பள்ளிக்கு வந்தால் அது எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். பீரோவுக்குள் போய், பார்வையாளர் வரும் நாளில் மட்டும் மேசைக்கு வரும். ‘தொடாதே’ என்ற சொல்லோடு ஒரு கற்றல் பொருள் வகுப்புக்கு வருவதைவிட வராமலே இருக்கலாம். நமக்கு வேண்டியது அந்தக் கட்டைகளுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு. அதற்கு இரண்டு கட்டைகள் போதும். கட்டையே இல்லாவிட்டால் கட்டத்தாள் போதும்.

முதலில் அளவு. அடுத்தடுத்த இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர். குமிழை விட்டுவிட்டால் கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தக் கோபுரத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் அது எத்தனை கட்டை உயரத்தில் குமிழ்களின் வரிசையோடு சரியாகப் பொருந்தும்? ஆறாம் வகுப்பில் மீ.சி.ம. நடத்தி முடித்த கையோடு இதைக் கேட்கலாம். தசமப் புள்ளி பயமுறுத்தினால் இரண்டையும் பத்தால் பெருக்கி 96, 80 என்று எடுத்துக்கொள்ளலாம். மீ.சி.ம. 480, அதாவது 48 மில்லிமீட்டர். ஐந்து கட்டை உயரம் ஆறு குமிழ் நீளத்துக்குச் சமம். கட்டையில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைத் துண்டுகளும் உண்டு. அவற்றில் ஐந்து சேர்ந்தால் சரியாக இரண்டு குமிழ். கைதேர்ந்தவர்கள் கட்டைகளைப் பக்கவாட்டில் படுக்க வைத்துச் சன்னல் சட்டமும் பெயர்ப்பலகையும் செய்வது இந்தப் பொருத்தத்தை நம்பித்தான். மீ.சி.ம. எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு மணியடிக்கும் கணக்கைத் தவிர வேறொரு பதில் கிடைத்துவிட்டது.

சதவீதத்துக்கும் ஒரு கணக்கு எடுக்கலாம். 2009ஆம் ஆண்டுப் பொம்மைக் கடையில் 815 துண்டுகள். அதையே சில மாற்றங்களோடு 2015இல் மீண்டும் வெளியிட்டபோது 898 துண்டுகள். அதிகரிப்பு எத்தனை சதவீதம்? பத்துக்குச் சற்று மேல் வரும்.

இனி முக்கியமான பகுதி. நான்கு குமிழ் நீளமும் இரண்டு குமிழ் அகலமும் உள்ள ஒரே நிறக் கட்டைகள் இரண்டு. ஒன்றன்மேல் ஒன்றை எத்தனை விதமாகப் பூட்டலாம்?

எட்டாம் வகுப்பில் எண்ணுதல் கொள்கை படிக்கும் மாணவர்களுக்கு அளவான கேள்வி இது. தொடக்கத்தில் எட்டு, பத்து என்றுதான் பதில் வரும். வரட்டும். வரைபடத்தாளில் 2 செ.மீ. கட்டங்களாக 8 செ.மீ.க்கு 4 செ.மீ. துண்டுகள் இரண்டு வெட்டி, ஒன்றை மேசையில் ஒட்டிவிட்டு மற்றதை அதன்மேல் நகர்த்தச் சொல்லுங்கள். கட்டத்தின் மேல் கட்டம் சரியாக உட்கார வேண்டும், குறைந்தது ஒரு கட்டமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இவை மட்டுமே விதிகள்.

மேல்துண்டு கீழ்த்துண்டின் திசையிலேயே இருந்தால், நீளவாக்கில் 7 இடங்கள், அகலவாக்கில் 3 இடங்கள். ஆக 21. குறுக்காக வைத்தால் நீளவாக்கில் 5, அகலவாக்கில் 5. ஆக 25. மொத்தம் 46. இங்கேயே நிறுத்திவிட்டு, மாணவர்களை மேசையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது இப்போது வலது ஓரத்தில் தெரியும். அது ஏற்கெனவே தனியாக எண்ணப்பட்ட இன்னொரு அமைப்பு. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே? அரைச் சுற்று சுற்றினாலும் மாறாதவை நடுமையத்தில் உட்கார்ந்த இரண்டு மட்டும். ஒன்று நேராக, மற்றது குறுக்காக. மீதி 44உம் இரண்டிரண்டாக இணைந்து 22 ஆகிவிடும். 22உம் 2உம் சேர்ந்து 24. சுழல் சமச்சீர் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுத இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

24 என்ற எண் கிறிஸ்துமஸுக்கு வாகாக அமைந்துவிடுகிறது. ஜெர்மனியில் தோன்றிய திருவருகைக்கால நாட்காட்டியில் டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு சன்னலாக 24 சன்னல்கள் இருக்கும். குழந்தைகள் தினம் ஒன்றைத் திறப்பார்கள். லெகோ நிறுவனமும் 24 சிறு பொம்மைகளோடு இத்தகைய நாட்காட்டிகளை விற்கிறது. நம் வகுப்புக்குச் சொந்த நாட்காட்டி செய்யலாம். 24 அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் அமைப்பு, வண்ணத்தாளில் ஒட்டி நூலில் கோத்துத் தொங்கவிட வேண்டும். ஒரே அமைப்பு இரண்டு முறை வந்துவிட்டதா, ஏதாவது விடுபட்டதா என்று சரிபார்ப்பதை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள். அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து ஒருவரையொருவர் மடக்குவார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் நவம்பர் கடைசி வாரத்தில் இரண்டு பாடவேளை ஒதுக்கிவிடுவது நல்லது.

தொடக்க வகுப்புகளில் இதே துண்டுகளை மொழிப்பாடத்துக்குக் கொண்டுபோகலாம். லெகோ தொகுப்புகளின் கட்டுமானக் கையேட்டில் படங்கள்தான் வழிகாட்டும். எந்த மொழிக் குழந்தையும் பார்த்தே கட்டிவிடும். நாம் அதைத் திருப்பிப் போடுவோம். இருவர் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து, ஒருவர் தான் வைத்ததைப் படமில்லாமல் வாயால் சொல்ல, மற்றவர் கேட்டு வைக்க வேண்டும். ‘மேலே வை’ என்றால் போதாது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குறுக்காக, ஓரமாக, இடப்பக்கம் ஒரு கட்டம் தள்ளி என்ற சொற்கள் தாமாக வரும். பாடப்புத்தகப் பயிற்சியில் வாய் திறக்காத குழந்தை இங்கே அதட்டி வேலை வாங்குவதையும் பார்க்கலாம்.

உயர்நிலை வகுப்புக்கு இந்தக் கணக்கு இன்னும் ஒரு படி போகிறது. ஆறு கட்டைகளை எத்தனை விதமாகப் பூட்டலாம் என்ற கேள்விக்கு லெகோ நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்த விடை 10,29,81,500. இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை நம் மாணவர்களே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு கட்டையின் மேலும் அடுத்த கட்டைக்கு 46 வழி. ஐந்து முறை பெருக்கினால் 20,59,62,976. சுற்றினாலும் மாறாதவை, படிக்கு இரண்டாக 32. முன்பு செய்ததுபோலவே கழித்து, பாதியாக்கி, கூட்டினால் 10,29,81,504. நிறுவனம் அதை நூறுக்கு முழுமையாக்கிச் சொல்லியிருக்கிறது.

பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் விடை கேள்விக்கு உரியதல்ல. இது ஆறு அடுக்குக் கோபுரங்களை மட்டுமே எண்ணுகிறது. ஒரு கட்டையின் மேல் இரண்டு கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைக்கலாமே, அவை எங்கே? கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணினியின் துணையோடு எல்லா அமைப்புகளையும் எண்ணியபோது கிடைத்தது 91,51,03,765. நிறுவனம் சொன்னதைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போது அவசரப்படாமல் காத்திருங்கள். ‘டீச்சர், பக்கத்துல வச்சா கணக்குல வராதா?’ என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி வருவதற்குள் பேராசிரியரின் எண்ணைச் சொல்லிவிட்டால் பாடத்தின் பாதி போய்விடும்.

கணித மன்றத்தில் விடுமுறைப் பணியாக மூன்று கட்டைகளைக் கொடுக்கலாம். மேற்சொன்ன வழியில் கோபுரங்கள் 1,060 என்று தாளிலேயே வந்துவிடும். எல்லா அமைப்புகளும் சேர்ந்தால் 1,560. கூடுதலாக உள்ள 500இல் ஒன்றன்மேல் இரண்டு அமர்ந்தவை 250, இரண்டின்மேல் ஒன்று அமர்ந்தவை 250. இரண்டும் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அந்த 250ஐ எண்ணி எடுக்கக் கட்டத்தாளும் பொறுமையும் உள்ள மூன்று, நான்கு பேர் சேர்ந்தால் ஜனவரியில் பள்ளி திறக்கும்போது விடையோடு வந்துவிடுவார்கள்.