எவ்வகைக் கல்லூரி?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் எந்தக் கல்லூரியில் சேரப்போகிறாய் என்று கேட்டால் பெயரைச் சொல்வார். அது எவ்வகைக் கல்லூரி என்றால் விழிப்பார். கட்டணத்தைத் தீர்மானிப்பது இந்த வகைதான்.

சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் குழப்பம் இல்லை. அரசு உதவி பெறும் கல்லூரிகளில்தான் கவனம் தேவை. சென்னை லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆகியவற்றை நடத்துவது தனியார். உதவி பெறும் பிரிவின் ஆசிரியர்களுக்கு ஊதியம் தருவது அரசு. ஆனால் இத்தகைய கல்லூரிகள் பலவற்றில் அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் உண்டு. பாடம் ஒன்று, பட்டம் ஒன்று, கட்டணம் வேறு. "உதவி பெறும் கல்லூரிதானே" என்று நம்பிச் சென்ற பெற்றோர், சேர்க்கை நாளன்று கடன் தேடி அலைவது இதனால்தான். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்பதை நாம் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

பொறியியலில் 1980களில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. இவற்றின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் இங்கும் பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இச்சலுகை இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இக்கலந்தாய்வில் வருவதில்லை. பெயரில் 'பல்கலைக்கழகம்' இருப்பதால் அரசு நிறுவனம் என எண்ணும் மாணவர் இன்றும் உண்டு.

வகுப்பில் ஒரு செயல்பாடு: அருகிலுள்ள ஐந்து கல்லூரிகளின் விளக்கக் குறிப்பேடுகளைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் பிரிவையும் முதலாண்டுக் கட்டணத்தையும் மாணவர்களே கண்டெழுதட்டும்.